அண்ணாந்து குடித்தவர்களின் ரத்தம்

“நீ சொல்லு பிள்ள. இத வச்சுக்கிடவா, வேண்டாமா?”

ஐந்தருவிக்குப் போகும் சாலையில், பழக்கடைகளுக்கு எதிரே இருந்த தடுப்புச் சுவரில் உட்கார்ந்தபடி, அண்ணனின் மனைவியான என் மதினி இப்படிக் கேட்டார். எட்டுப் பேருடைய மாற்றுத்துணிப் பைகளும் எண்ணெய்ப் புட்டிகளும் எங்கள் இருவரின் மடியிலும் காலடியிலும் கிடந்தன. வீட்டிலிருந்து வந்த மற்ற எல்லோரும் அருவிக்குள் இருந்தார்கள். சாரல் எங்கள் மேலும் லேசாக விழுந்துகொண்டிருந்தது. மதினி ‘இத’ என்று சொன்னது அவர் வயிற்றிலிருந்த பத்து வாரக் கருவை.

அண்ணனிடமோ அம்மாவிடமோ கேட்க வேண்டிய கேள்வியை அவர் என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. இரண்டு நாட்களுக்கு முன் அந்தக் கருவைப் பற்றிய அச்சத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் நான்தான்.

நான் சமூகப்பணியில் முதுகலை படித்தவள். தென்காசியைச் சுற்றியுள்ள ஊர்களில் பெண்கள் குழுக்களிடம் காய்ச்சல், குடிநீர், சுகாதாரம் பற்றிப் பேசுவது என் வேலை. எந்த நோயைப் பற்றிப் பேசினாலும் அது பரவும் வழியை முதலில் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தந்த முறை. கொசுவா, தண்ணீரா, இருமலா, கையா என்று வழி தெரிந்துவிட்டால் அதை அடைக்கும் வேலையை மக்களே பார்த்துக்கொள்வார்கள் என்பார்கள். அது பெரும்பாலும் உண்மையாகவும் இருந்தது. வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஒரு தெருவில் கொசுவைப் பற்றிப் பேசி முடித்து, படங்களைச் சுருட்டிப் பையில் வைப்பதற்குள், பெண்கள் வீட்டுக்கு வீடு தொட்டித் தண்ணீரைக் கவிழ்க்கத் தொடங்கியிருந்தார்கள். பேருந்தில் திரும்பும்போது எனக்கு அது பெருமையாக இருந்தது. ஒரு வழியைச் சுட்டிக்காட்டிய மறுநிமிடம் மனிதர்கள் எதையாவது கவிழ்த்துவிடுவார்கள் என்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

மதினிக்கு இது இரண்டாவது கர்ப்பம். முந்தைய ஆண்டு முதல் கர்ப்பம் எட்டாவது வாரத்தில் கலைந்துபோயிருந்தது. அதனால் இந்த முறை தென்காசியில் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனபோது அம்மாவும் உடன் சென்று, என்னென்ன டெஸ்ட் உண்டோ எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்லி வற்புறுத்தினார். டாக்டரம்மா சற்றுத் தயங்கிவிட்டு, கர்ப்பிணிகளைப் பாதிக்கக்கூடிய சில தொற்றுகளுக்கான ரத்தப் பரிசோதனையையும் சீட்டில் எழுதினார். ஆய்வகத்துக்கு மதினியை அழைத்துப் போனது நான். அங்கே கைப்பேசி எண் கேட்டபோது என் எண்ணைக் கொடுத்தேன். இப்படித்தான் வியாழக்கிழமை மதியம் அந்த அறிக்கை என் வாட்ஸப்புக்கு வந்து சேர்ந்தது.

அதில் ஒரு வரி தடித்த எழுத்தில், பக்கத்தில் நட்சத்திரக் குறியோடு இருந்தது. சைட்டோமெகலோ வைரஸ், பாசிட்டிவ். அதற்குச் சற்று மேலே ரூபெல்லா என்ற பெயருக்கு நேரேயும் பாசிட்டிவ் என்று தடித்திருந்தது. மற்றவை மெல்லிய எழுத்தில் இருந்தன. அவற்றில் என் கண் நிற்கவில்லை.

ரூபெல்லாவைப் பள்ளித் தடுப்பூசிப் பெயராகக் கேட்டிருந்தேன். அது என்னை உறுத்தவில்லை. மற்றப் பெயர் புதிது. கைப்பேசியில் தேடினேன். கிடைத்தவற்றில் இரண்டு வாக்கியங்கள் மனத்தில் ஒட்டிக்கொண்டன. எச்சில், சிறுநீர் போன்றவற்றின் வழியாகப் பரவும் என்பது ஒன்று. கர்ப்பத்தில் தொற்றினால் குழந்தைக்குக் காது கேட்காமல் போகலாம் என்பது மற்றொன்று. டாக்டரம்மா வெளியூர் போயிருந்தார். திங்கட்கிழமைதான் வருவார் என்று மருத்துவமனையில் போனை எடுத்த பெண் சொன்னார். நான்கு நாட்கள் இதை எனக்குள் வைத்துக்கொண்டிருக்கலாமா என்று யோசித்தேன். மறைப்பது நேர்மையல்ல என்று முடிவுசெய்தேன். சமையலறையில் நின்று, அம்மாவும் மதினியும் கேட்க, வேலையில் பேசும் அதே நிதானத்தோடு, முதலில் பரவும் வழியைச் சொன்னேன்.

எங்கள் வீட்டில் எச்சில் என்ற சொல்லுக்கு இருக்கும் கனத்தை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டு டம்ளர்களில் யாருடைய உதடும் பட்டதில்லை. தண்ணீரை மட்டுமல்ல, ஆவி பறக்கும் காப்பியையும் அம்மா அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொள்வார். ஒரு சொட்டு சிந்தாது. அண்ணனும் நானும் பேசப் பழகும்போதே அப்படிக் குடிக்கவும் பழக்கப்பட்டோம். வரும் விருந்தாளிகளை அம்மா டம்ளரைக் கையில் கொடுத்த பிறகுதான் எடைபோடுவார். சுந்தரபாண்டியபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த மதினி, கல்யாணமாகி வந்த முதல் நாள் காப்பியை வாய் வைத்துக் குடித்துவிட்டார். அம்மா அந்த டம்ளரை மட்டும் மூன்று முறை தேய்த்தார். மதினி அதைப் பார்த்துவிட்டு, ஒரே வாரத்தில் அண்ணாந்து குடிக்கக் கற்றுக்கொண்டார். முதல் சில நாட்கள் புடவை நனைந்தது.

இப்போது நான் எச்சில் என்று சொன்னதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு மதினியைப் பார்த்தார்.

“ஒங்க வீட்டுல எல்லாரும் வாய் வச்சுத்தான குடிப்பீக,” என்றார்.

அதை அவர் சண்டையாகச் சொல்லவில்லை. காரணம் கிடைத்துவிட்டதில் வரும் ஒரு தெளிவோடு சொன்னார். அதனால்தான் அது அதிகம் வலித்திருக்கும்.

மறுநாள் காலையில் பரணிலிருந்து ஒரு சாக்கு மூட்டையை இறக்கச் சொன்னார். மதினி கல்யாணத்துக்குக் கொண்டுவந்த சீர்ப் பாத்திரங்கள் அதில் இருந்தன. இரண்டு ஆண்டுகளாகப் பிரிக்கப்படவே இல்லை. ஒவ்வொன்றிலும் மதினியின் அப்பா பெயரின் எழுத்துகள் வெட்டப்பட்டிருந்தன. அம்மா அதிலிருந்து ஒரு டம்ளர், ஒரு தட்டு, ஒரு சொம்பு மட்டும் எடுத்துக் கழுவி, அடுக்களையில் சன்னலோரம் தனியாக வைத்தார்; மிச்சத்தை மறுபடி பரணில் ஏற்றச் சொன்னார். பேர் வெட்டின பாத்திரமானால் மாறிப்போகாது என்று என்னிடம் விளக்கினார். அன்று மதுரையிலிருந்து சித்தி குடும்பம் வரவிருந்தது. சீசன் தொடங்கிவிட்டால் தென்காசியில் எந்த வீடும் வீட்டுக்காரர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. துண்டும் எண்ணெயுமாக யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். இத்தனை பேர் புழங்கும் இடத்தில் பாத்திரம் கலந்துவிடக் கூடாது என்பது அம்மாவின் கவலை. அதே டம்ளரில்தான் மதினிக்குப் பனங்கல்கண்டு போட்டுப் பாலும் ஆற்றிக் கொடுத்தார். அந்த இரண்டும் ஒரே கையால் நடந்தன. அம்மாவை எனக்குத் தெரியும் என்பதால், இரண்டையும் பயம்தான் செய்ய வைத்தது என்று இன்றும் நம்புகிறேன்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் அண்ணனுக்குப் போனில் சொன்னோம். டாக்டர் வரும்வரை யாரும் எதுவும் பேச வேண்டாம் என்றான். அந்த வீட்டில் அந்த நான்கு நாட்களில் சொல்லப்பட்ட ஒரே சரியான வார்த்தை அதுதான். அதை யாரும் கேட்கவில்லை. முன்பு நர்ஸாக இருந்த ஓர் உறவுக்காரப் பெண்ணிடம் அம்மா போனில் விசாரித்தார். அந்தப் பெண் அறிக்கையைப் பார்க்கவில்லை. பாசிட்டிவ் என்ற சொல்லை மட்டும் கேட்டார். ஊனமாகப் பிறந்து கஷ்டப்படுவதைவிட, நாள் தள்ளிப்போவதற்கு முன் இப்போதே முடித்துக்கொள்வது நல்லது என்றார். கைப்பேசி ஸ்பீக்கரில் இருந்தது. மதினி அப்போது அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை எல்லோரும் குற்றாலத்துக்குப் புறப்பட்டோம். மதினியை வீட்டில் தனியே விட வேண்டாம் என்று அவரையும் கூட்டிக்கொண்டோம். வழியில் சித்தி தனிச் சொம்பைக் கவனித்துவிட்டார்.

“என்ன மருமவளே, ஒனக்கு மட்டும் தனிச் சொம்பு? மகாராணிதான் போ,” என்றார் வேடிக்கையாக, அம்மாவிடம் அல்ல, மதினியிடமே.

அம்மா முந்திக்கொண்டு, வயிற்றுப்பிள்ளைக்காரி சுத்தமாக இருக்க வேண்டுமல்லவா என்று பேச்சை மூடினார். மதினி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் அந்தத் தடுப்புச் சுவரும் அந்தக் கேள்வியும்.

மதினி ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. வகுப்பு ஆசிரியை. அவரும் கைப்பேசியில் தேடியிருக்கிறார். சிறு குழந்தைகளிடமிருந்து இந்த வைரஸ் வரும் என்று எங்கோ படித்திருக்கிறார்.

“எங்க அம்மா வீட்டுல இருந்து வரல பிள்ள, எனக்குத் தெரியும்,” என்றார். “நாள் முச்சூடும் அதுக மூக்கத் தொடச்சு விடுதேன், வாயத் தொடச்சு விடுதேன். சோறு ஊட்டுனா பாதிய என் கையிலதான் துப்புதுக. அதுலதான் வந்திருக்கும். அதுக்காவ ஒரு பிள்ளையத் தள்ளிவிட முடியுமா?”

மடியிலிருந்து நழுவிய ஒரு பையை எடுத்து வைத்தேன்.

“இந்த ஒத்தப் பிள்ளைய நெனச்சா, அத்தன பிள்ளையத் தூக்குனது தப்பாப் போச்சோன்னு இருக்கு. நீ படிச்சவ. அத்தை சொல்லுதத நான் எடுத்துக்கிட மாட்டேன். நீ சொல்லு.”

வேண்டாம் என்று சொன்னால் என்ன நடக்கும், வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் என்ன நடக்கும் என்று இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் போனாலும் அடியில் இருந்தது நான் பாதி படித்த ஒரு தாள். திங்கட்கிழமை வரை பொறுங்கள் மதினி, எனக்கு நிஜமாகவே தெரியாது என்றேன்.

“பொறுக்கது எனக்குப் பழக்கந்தான். போன தடவையும் பொறுத்துத்தான் இருந்தேன்,” என்றார் அவர்.

அருவியிலிருந்து எல்லோரும் ஈரத்தோடு சிரித்துக்கொண்டு வந்தார்கள். மதினி ஒவ்வொருவருக்கும் உரிய பையைச் சரியாக எடுத்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை அம்மா, மதினி, நான் மூவரும் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தோம். தென்காசிக் காற்று அன்று மேசையிலிருந்த காகிதங்களை எல்லாம் பறக்கவிடப் பார்த்தது. அவர் ஒரு கையால் அவற்றை அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் என் கைப்பேசியைப் பிடித்து அறிக்கையைப் பார்த்தார். நிமிர்ந்து மதினியின் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம், “ரெண்டாம் பக்கம் பாத்தியாம்மா?” என்று கேட்டார்.

பார்க்கவில்லை. கீழே தள்ளினால் இரண்டாம் பக்கம் வரும் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. அங்கே அதே வைரஸின் பெயர் இன்னொரு முறை இருந்தது. அதற்கு நேரே, மெல்லிய எழுத்தில், நெகட்டிவ் என்று இருந்தது.

அவர் விளக்கியதை என் சொற்களில் எழுதுகிறேன். உடலுக்குள் ஒரு வைரஸ் புதிதாக நுழைந்தால், அதை எதிர்க்க உடல் முதலில் அவசரமாக ஒரு வகை எதிர்ப்பொருளைச் செய்கிறது. அது சில வாரங்களோ மாதங்களோ ரத்தத்தில் இருந்துவிட்டுப் பெரும்பாலும் மறைந்துவிடும். அடுத்து நிதானமாக இன்னொரு வகையைச் செய்கிறது. அது ஆயுள் முழுவதும் இருக்கும். முதல் வகைக்கான பரிசோதனை இரண்டாம் பக்கத்தில் இருந்தது, அது நெகட்டிவ். இரண்டாம் வகைக்கானது முதல் பக்கத்தில் இருந்தது, அது பாசிட்டிவ். அப்படியென்றால் இந்த வைரஸ் மதினிக்குள் எப்போதோ வந்து, ஒருவேளை அவர் நடக்கப் பழகும் முன்பே வந்து, சளியோ சிறு காய்ச்சலோ என்று யாரும் கவனிக்காமல் அடங்கிப்போயிருக்கிறது. நான் பயந்த அந்தத் தடித்த வரி நோயைச் சொல்லவில்லை. உடல் அதை ஏற்கெனவே சந்தித்துச் சமாளித்துவிட்டது என்பதைச் சொன்னது. ரூபெல்லாவுக்கு நேரே இருந்த பாசிட்டிவும் அப்படித்தான். அது நெகட்டிவாக இருந்திருந்தால்தான் கவலைப்பட்டிருப்பேன் என்றார் டாக்டரம்மா.

கோவிட் காலத்தில் இதே வேறுபாட்டை நானே ஊர் ஊராகச் சொல்லியிருக்கிறேன். எதிர்ப்பொருள் இருக்கிறது என்றால் வந்து போயிருக்கிறது என்று பொருள், இப்போது இருக்கிறது என்று பொருளல்ல என்று. பேர் தெரியாத ஒரு வைரஸ் எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு முன்னால் வந்து நின்றபோது, எனக்குத் தெரிந்த அந்தப் பாடம் எனக்கு உதவவில்லை.

“அப்ப கலைக்க வேண்டாமா டாக்டர்?” என்று மதினி கேட்டார்.

டாக்டரம்மா கையை எடுத்துவிட்டார். காகிதங்கள் இரண்டு கீழே பறந்தன. அவர் அதைக் கவனிக்கவில்லை.

“யாரு ஒங்கிட்ட அப்படிச் சொன்னது?” என்றார். “இங்க பாரும்மா. ஒரு துளி பயமும் கிடையாதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். பழசு முழிச்சுக்கிடுதது உண்டு. ஆனா அது ரொம்ப அபூர்வம், அதுலயும் பிள்ளைக்குப் பாதிப்பு வாரது அதவிட அபூர்வம். இதுக்காவ ஒருத்தரும் கலைக்க மாட்டாங்க. நல்லாச் சாப்பிடு, ஸ்கேனுக்கு வா.”

மதினி தலையை ஆட்டினார். அழவில்லை. நான்கு நாட்களில் முதல் தடவையாக நாற்காலியில் முதுகைச் சாய்த்தார்.

அம்மாவுக்குத்தான் சமாதானமாகவில்லை. “எச்சி மூலமா வாரது தானே டாக்டரம்மா?” என்றார்.

“ஆமா. ஆனா நம்ம ஊருல பெரும்பாலும் எல்லாருக்கும் சின்னப் பிள்ளையிலயே வந்துருது. இது மட்டுமில்ல, பேரே வைக்காத எத்தனையோ வைரஸ் நம்ம ரத்தத்துக்குள்ள சும்மா குடியிருக்கு. ஒண்ணும் பண்ணாது. ஒங்களுக்கும் இருக்கும் ஆச்சி.”

“எனக்கா?” அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். “எங்க வீட்டுல ஒருத்தரும் வாய் வச்சுக் குடிக்கது கிடையாது. எனக்கு இருக்காது.”

“இருக்கும்.”

“எழுதுங்க, பாத்துருவோம்.”

இது உங்களுக்குத் தேவையே இல்லாத டெஸ்ட் என்று டாக்டரம்மா சொல்லிப் பார்த்தார். அம்மா ஏற்கெனவே புடவைத் தலைப்பை ஒதுக்கி முழங்கையை மேசைமேல் வைத்துவிட்டார். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே எழுதினார். நானும் எனக்கு எழுதச் சொன்னேன். அம்மாவைத் தனியாக ஊசி முன்னால் உட்கார வைப்பது நியாயமாகப்படவில்லை.

இதோடு எல்லாம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அம்மா, டாக்டர் என்றால் ஆறுதலாகத்தானே பேசுவார்கள் என்று ஒரு வார்த்தையை விட்டுவிட்டார். பேர் வெட்டிய டம்ளர் சன்னலோரத்திலேயே இருந்தது. செவ்வாய்க்கிழமை மதினி என் அறைக்கு வந்து, கதவருகிலேயே நின்று, டாக்டர் சும்மா ஆறுதலுக்காகச் சொல்லியிருப்பாரோ என்று கேட்டார். இல்லை என்றேன். என்னுடைய இல்லைக்கு அவரிடம் இப்போது பெரிய மதிப்பு இருக்க நியாயமில்லை. உறவுக்காரப் பெண்ணின் பேச்சு மறுபடி அவர் காதில் ஓடிக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன். பத்து வாரம் பதினோரு வாரமாகிக்கொண்டிருந்தது. முடிவெடுக்க வேண்டும் என்றால் சீக்கிரம் எடுக்க வேண்டும் என்ற எண்ணமே அவரை விடவில்லை.

புதன்கிழமை மாலை இரண்டு அறிக்கைகளும் வந்தன. இந்த முறை இரண்டு பக்கத்தையும் கடைசி வரி வரை படித்தேன். படித்த பிறகு இன்னொரு தடவை படித்தேன். அதன் பிறகே அடுக்களைக்குப் போனேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். மதினி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். புதுத் தொற்றுக்கான வரி எங்கள் இருவருக்கும் நெகட்டிவ் என்று முதலில் சொன்னேன். பழைய தொற்றுக்கான வரி இருவருக்கும் பாசிட்டிவ் என்று அடுத்துச் சொன்னேன்.

அம்மாவின் கை நின்றது. “எம்புட்டு இருக்கு?”

எண்ணைச் சொன்னேன். மதினியுடையதைவிட அது அதிகமாக இருந்தது. எண் கூடினால் நோய் கூடுதல் என்று பொருளல்ல என்று உடனே சேர்த்துச் சொன்னேன். ஆனால் அந்த விளக்கத்தை அங்கே யாரும் கேட்கவில்லை.

“மிசினு தப்பாக் காட்டும்லா?” என்றார் அம்மா.

“ரெண்டு பேருக்குமா அத்தை தப்பாக் காட்டும்?” என்றார் மதினி. குரலில் ஏதோ ஒன்று தளர்ந்திருந்தது. கத்தியைக் கீழே வைத்தார். “அப்ப அத்தைக்கும் இருந்திருக்கு. அத்தை ரெண்டு பிள்ளை பெத்திருக்காங்க. ரெண்டும் நல்லாத்தான இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கோம் மதினி,” என்றேன்.

“நீ நல்லா இருக்க. ஒங்க அண்ணனுக்குக் காது கேக்குதாங்கதுதான் எனக்கு ரெண்டு வருசமாச் சந்தேகம். நான் சொல்லுதது ஒண்ணுகூட விழ மாட்டேங்குது.”

அம்மாதான் முதலில் சிரித்தார். அடக்கப் பார்த்து முடியாமல், தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு மதினி சிரித்தார். சிரிப்பின் நடுவிலேயே அழுகையும் வந்தது. வெங்காயம் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: ஒருவருடைய கதை நிரூபணமாகாது. அம்மாவுக்கு அது நாங்கள் பிறந்த பிறகும் வந்திருக்கலாம். உண்மையான ஆதாரம் டாக்டரம்மா காட்டிய அந்த மெல்லிய வரிதான். ஆனால் மதினி நம்பியது அந்த வரியை அல்ல, அண்ணாந்து குடிக்கும் தன் மாமியாரின் ரத்தத்தை. அன்று அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

அம்மா மறுபடி துருவத் தொடங்கினார். துருவிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் பேசினார்.

“பள்ளிக்கூடத்துல நாங்க நாலு பேரு. பெல் அடிச்சதும் மாங்கா வாங்குவோம். ஒத்த மாங்காதான் கிடைக்கும். சட்ட நுனிய அதுமேல போட்டு மூடி, காக்காக்கடி கடிச்சுப் பங்கு வைப்போம்.”

தின்பண்டத்தைத் துணியால் மூடிக் கடித்தால் பல் நேராகப் படாது, ஆகவே அது எச்சில் ஆகாது என்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த நியாயம். நானும் அப்படிக் கடித்துக் கொடுத்திருக்கிறேன், வாங்கியும் தின்றிருக்கிறேன். மதினியும்தான்.

“துணி தடுத்திருக்காதோ?” என்று அம்மா என்னிடம் கேட்டார். அதில் சவால் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

“தடுத்திருக்காதும்மா.”

“எங்க அம்மைக்குத் தெரிஞ்சா தோல உரிச்சிருப்பா,” என்றார். பிறகு, “அதுல ஒருத்தி கையிலதான் எப்பவும் மூக்கு ஒழுகிக்கிட்டே இருக்கும் தம்பிப்பய இருப்பான்,” என்றார். அந்தத் தம்பிதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. எத்தனை பேருடைய வாய் தாண்டித் தனக்குள் அது வந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அம்மா பேர் வெட்டிய டம்ளரில் தண்ணீர் எடுத்து, தானே அண்ணாந்து குடித்தார். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தச் சொல் புழங்குவதில்லை. சனிக்கிழமை அடுத்த விருந்தாளிகள் வருவதற்கு முன், பரணில் மிச்சமிருந்த மூட்டையையும் இறக்கச் சொன்னார். டம்ளர் எல்லாம் பத்தவில்லை, வருகிறவர்களுக்கு வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். மதினியின் அப்பா பெயர் வெட்டிய பாத்திரங்கள் எங்கள் பாத்திரங்களோடு கலந்தன. எது யாருடையது என்று அதன் பிறகு யாரும் பார்க்கவில்லை.

மறுவாரம் மதினி விடுப்பு முடிந்து பள்ளிக்குத் திரும்பினார். குழந்தைகளுக்கு மூக்குத் துடைத்த பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவர் அதைச் செய்தார். கழுவிவிட்டு மறுபடியும் தூக்கிக்கொண்டார். ஐந்தாம் மாத ஸ்கேன் நன்றாக இருந்தது. மாசியில் பெண் குழந்தை பிறந்தது. மருத்துவமனையில் குழந்தையின் காதருகே சிறு கருவியை வைத்துச் செய்த பரிசோதனையின்போது நானும் அறையில் இருந்தேன். கேட்கிறது என்று பரிசோதித்த பெண் சொன்னார். அம்மா வெளியே நின்றவர்களிடம் அதைச் சொல்லப் போனார். அண்ணனிடம் மட்டும், “ஒன்ன மாதிரி இல்ல, இதுக்கு நல்லாக் கேக்கு,” என்றார். அவனுக்கு அந்தக் கிண்டலின் மூலம் இன்றுவரை தெரியாது.

என்னளவில் நடந்த மாற்றம் சிறியது. வேலையில் இப்போது எந்தத் தொற்றைப் பற்றிப் பேசினாலும், அது யார் யாருக்குள் ஏற்கெனவே அமைதியாக இருக்கிறது, யாருக்கு அது ஒன்றும் செய்யாது என்பதை முதலில் சொல்கிறேன். பரவும் வழியை அதன் பிறகே சொல்கிறேன். யாராவது தங்கள் அறிக்கையை நீட்டி, பாசிட்டிவ் என்று போட்டிருக்கிறதே என்று கேட்டால், கடைசிப் பக்கம் வரை படிக்கிறேன்; படித்த பிறகும், மருத்துவர் பார்க்கும் முன் அதற்குப் பொருள் சொல்வதில்லை.